வொர்பாரோ விரிகுடா: பாறை பூட்டிய கரை, பீரங்கி காத்த கரை

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் பகுதியில், லல்வொர்த் கோவ் என்றொரு வட்டமான சிறு குடா இருக்கிறது. பள்ளியில் புவியியல் படித்த பிரிட்டிஷ்காரர்கள் பலருக்கும் அதன் படம் பழக்கம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வந்து போகிறார்கள். கோடையில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. அங்கிருந்து கிழக்கே சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி, அதே பாறைகளில், அதே கடல் குடைந்த இன்னொரு குடா இருக்கிறது. பெயர் வொர்பாரோ. லல்வொர்த்தைவிடப் பல மடங்கு அகலமானது, அழகிலும் குறைந்ததல்ல. ஆனால் சாதாரண வார நாளில் அந்தக் கரையில் யாரும் இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. டாங்கிகள் சுடப் பழகும் நிலத்துக்குள் அது கிடக்கிறது.

இந்தத் தனிமைக்கு ராணுவமே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது பாதி உண்மைதான். ராணுவம் வருவதற்கு முன்பும் இங்கே கூட்டம் இருந்ததில்லை. சில மீனவர் குடும்பங்கள், ஒரு கடலோரக் காவல் நிலையம், பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் ஒரு சிறு கிராமம், அவ்வளவுதான். குடாவுக்கு வழி ஏன் இத்தனை குறைவு, இருக்கும் ஒரு வழி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, பீரங்கிப் பயிற்சிக்கு ஏன் இந்த நிலம் பிடித்துப்போனது என்ற கேள்விகளைத் தொடர்ந்து போனால் மூன்றும் கடைசியில் பாறையில்தான் வந்து நிற்கின்றன.

படகில் குடாவுக்கு வெளியே நின்று வடக்கே பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் வருவது போர்ட்லண்ட் சுண்ணாம்புக்கல். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் கடைசிக் கட்டத்தில், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் படிந்தது. லண்டனின் செயின்ட் பால் தேவாலயம் இந்த இனக் கல்லால் கட்டியது. எவ்வளவு உறுதியானது என்பதற்கு அதுவே போதும். அதன் பின்னால் பர்பெக் அடுக்குகள். கடல் பின்வாங்கி, உப்பங்கழிகளும் சேற்றுத் திட்டுகளும் நன்னீர்க் குட்டைகளும் மாறி மாறி இருந்த காலத்தின் பதிவு இது. இதுவும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், நடுநடுவே களிப்பாறை. மூன்றாவதாக வீல்டன் படிவங்கள். மேற்கே இருந்த மேட்டு நிலங்களிலிருந்து ஆறுகள் அடித்துவந்த மணலும் களிமண்ணும் கல்லாக இறுகியும் இறுகாமலும் கிடக்கின்றன. சிவப்பு, ஊதா, மஞ்சள், வெளிர்சாம்பல் எனப் பட்டை பட்டையாக நிறம் மாறும் சரிவு இதுதான். வொர்பாரோவைப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் இந்தச் சரிவைத்தான் எடுக்கிறார்கள். நான்காவதாக, பச்சை மணற்கல்லும் ஒட்டும் கருநீலக் களிமண்ணும் கொண்ட ஒடுங்கிய பட்டை. எல்லாவற்றுக்கும் பின்னால் குடாவின் வடக்குச் சுவராக எழுந்து நிற்பது சீமைச்சுண்ணாம்பு, கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் கடலடியில் படிந்த வெள்ளைப் பாறை.

ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தவை இப்படி ஒன்றின்பின் ஒன்றாக நிற்பது எப்படி? படுக்கையாக அடுக்கிய புத்தகக் கட்டை ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்த்தால் எல்லாப் புத்தகங்களின் முதுகும் வரிசையாகத் தெரியும் அல்லவா, அதுதான் இங்கே நடந்தது. ஆப்பிரிக்கத் தட்டும் ஐரோப்பியத் தட்டும் மோதி ஆல்ப்ஸ் மலை எழுந்தபோது அந்த அழுத்தத்தின் கடைசி அலை தெற்கு இங்கிலாந்து வரை வந்தது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி. இங்கே பூமிக்கடியில் ஏற்கெனவே ஒரு பழைய பிளவு இருந்தது. ஜுராசிக் காலத்தில் நிலம் இழுபட்டபோது ஒரு பக்கம் கீழே இறங்கிய பிளவு அது. ஆல்ப்ஸ் அழுத்தம் வந்ததும், இறங்கிய பக்கமே திரும்ப மேலே தள்ளப்பட்டது. மேலிருந்த அடுக்குகள் ஒடிவதற்குப் பதில் ஒரு பெரிய மடிப்பாக வளைந்தன. அந்த மடிப்பின் செங்குத்தான பக்கம்தான் இந்தக் கரை நெடுகத் தெரிகிறது. அழுத்தம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைப் பாறையிலேயே பார்க்கலாம்: சீமைச்சுண்ணாம்பு வேறு இடங்களில் கையால் கீறக்கூடிய அளவு மென்மை, இங்கே இறுகிக் கெட்டியாகிவிட்டது. அதற்குள் இருக்கும் சக்கிமுக்கிக் கற்கள் இருந்த இடத்திலேயே நொறுங்கிப் போயிருக்கின்றன.

அந்தப் பழைய பிளவுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. குடாவின் மேற்குக் கோடியில் மியூப் என்ற சிறு வளைவு. அங்கே வீல்டன் மணற்கல்லில் ஓரிடம் கறுத்து, எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. வீல்டன் ஆறுகள் ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே ஆழத்திலிருந்து கச்சா எண்ணெய் கசிந்து ஆற்றுமணலில் ஊறியிருக்கிறது. அப்படி எண்ணெய் ஊறி இறுகிய மணல் கட்டிகளை அதே ஆறு உடைத்து உருட்டிக்கொண்டும் போயிருக்கிறது. இதற்கு வடகிழக்கே உள்ள விட்ச் ஃபார்ம், மேற்கு ஐரோப்பாவின் நிலப்பரப்பில் உள்ள மிகப் பெரிய எண்ணெய் வயல். எண்ணெய் நிறுவனங்களின் புவியியலாளர்கள் இந்த ஒதுங்கிய வளைவுக்குப் படையெடுப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, குடா எப்படி உண்டானது? கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உலர்ந்த சமவெளி. நிலம் உறைந்திருந்ததால் பனி உருகிய நீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடி, சீமைச்சுண்ணாம்பு முகட்டையும் தெற்கே இருந்த சுண்ணாம்புக்கல் சுவரையும் அறுத்துப் பள்ளங்களை வெட்டியது. கடல் திரும்ப ஏறியபோது அந்தப் பள்ளங்கள் அதற்குத் திறந்த கதவுகளாயின. போர்ட்லண்ட்–பர்பெக் சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்த அலைக்கு அடுத்ததாகக் கிடைத்தது வீல்டன் களிமண். அது கரைய அதிக நேரம் பிடிக்கவில்லை. பின்னால் சீமைச்சுண்ணாம்பில் முட்டியதும் கடலின் வேகம் தணிந்தது. முன்னே போக முடியாத கடல் பக்கவாட்டில் அரிக்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் பாடநூல்கள் ஓர் அழகான வரிசையைக் காட்டும். லல்வொர்த்துக்குப் பக்கத்தில் ஸ்டேர் ஹோல் என்ற இடத்தில் கடல் சுவரை இப்போதுதான் துளைத்திருக்கிறது: அது குழந்தை. லல்வொர்த் கோவ் இளமை. வொர்பாரோ முதுமை, பல குடாக்கள் ஒன்றாகிச் சுவர் முழுவதும் போய்விட்ட நிலை. வரிசை மனதில் பதிகிறது, ஆசிரியர்களுக்கும் வசதி. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. வீல்டன் படிவங்கள் கிழக்கே போகப் போகத் தடிமனாகின்றன. மேற்கே ஒடுங்கிய பட்டையாக இருப்பது வொர்பாரோவில் பல நூறு மீட்டர் தடிமன். கடல் கரைக்கக்கூடிய மென்பாறை இங்கே அதிகம். ஆகவே இரண்டு குடாக்களும் ஒரே நாளில் பிறந்திருந்தாலும் வொர்பாரோதான் பெரிதாக வளர்ந்திருக்கும். அகலத்தை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது. பழைய சுவர் இருந்ததற்குத் தடயம் மட்டும் தெளிவாக இருக்கிறது: மேற்கே கடலுக்குள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும் மியூப் பாறைகள், கிழக்கே வொர்பாரோ டவுட் என்ற கூம்பு வடிவக் குன்று. இரண்டுக்கும் நடுவே இரண்டரை கிலோமீட்டர். அத்தனையும் ஒரு காலத்தில் கல்சுவர்.

வொர்பாரோ டவுட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அது பெரும்பாலும் பர்பெக் அடுக்குகள். வெயிலில் கடல்நீர் வற்றி உண்டான ஜிப்சம், உப்புப் படிகம் கரைந்துபோய் அதன் கனசதுர அச்சு மட்டும் மிஞ்சிய கற்கள், அலை வரிகள், டைனோசரின் காலடித் தடங்கள் எல்லாம் ஒரே குன்றில். உப்பங்கழியின் ஈரச் சேற்றில் நடந்த விலங்கின் தடம், பாறை சாய்ந்துவிட்டதால் இப்போது சரிந்து நிற்கும் பலகையில் பதிந்திருக்கிறது. லல்வொர்த்துக்குக் கிழக்கே, இதே ராணுவ எல்லைக்குள், பர்பெக்கின் அடியடுக்கில் புதையுண்ட காடு ஒன்றும் உண்டு. மரம் போய்விட்டது, அடிமரத்தைச் சுற்றிப் பாசிகள் கட்டிய வளையங்கள் கல்லாக நிற்கின்றன.

இனி வழிக்கு வருவோம். குடாவைச் சுற்றியுள்ள நிலத்தை மேலிருந்து பார்த்தால், அது கிழக்கு மேற்காக ஓடும் மூன்று பட்டைகள். வடக்கே சீமைச்சுண்ணாம்பு முகடு, 160 மீட்டருக்கு மேல் உயரம். தெற்கே போர்ட்லண்ட்–பர்பெக் முகடு. வொர்பாரோ டவுட்டுக்குக் கிழக்கே அது காட் கிளிஃப் என்ற பெயரில் கடலை நோக்கித் தொங்கும் சுவராக நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து கடலுக்கு இறங்க மனிதருக்கு வழியே கிடையாது. இரண்டு முகடுகளுக்கும் இடையே மென்மையான வீல்டன் பட்டை அரிபட்டு ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. டைனம் கிராமம் இருப்பது இந்தப் பள்ளத்தாக்கில். அதன் சிற்றோடை மேற்கே ஓடிக் குடாவில் விழுகிறது. அதாவது, கடல் எந்தப் படிவத்தைக் கரைத்துக் குடாவை உண்டாக்கியதோ, அதே படிவத்தைத்தான் ஓடை கரைத்து வழியை உண்டாக்கியிருக்கிறது. குடாவுக்குச் சிரமமில்லாமல் நடந்து போகக்கூடிய பாதை இந்த ஒன்றுதான்: டைனத்திலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர், மெல்ல இறங்கும் சரளைப் பாதை.

வேறு திசையிலிருந்து வருபவர்கள் மலை ஏறித்தான் ஆக வேண்டும். லல்வொர்த்திலிருந்து கரையோரப் பாதையில் வந்தால் பிண்டன் குன்று குறுக்கே நிற்கும். அதைத் தாண்டினால் பாதை ஏரிஷ் மெல் என்ற இடத்தில் கிட்டத்தட்டக் கடல் மட்டத்துக்கே இறங்கி, உடனே ஃபிளவர்ஸ் பாரோ என்ற குன்றின் உச்சிக்கு மூச்சு வாங்க ஏறுகிறது. தென்மேற்குக் கரையோரப் பாதையின் ஆயிரம் கிலோமீட்டரில் செங்குத்தான ஏற்றங்களில் ஒன்று என்று நடப்பவர்கள் இதைச் சொல்வார்கள். சீமைச்சுண்ணாம்பு முகட்டைப் பழைய நீரோட்டம் முழுதாக அறுத்துவிட்ட இடம் ஏரிஷ் மெல். இறக்கமும் ஏற்றமும் இத்தனை கொடுமையாக இருப்பது அதனால்தான். கிழக்கே கிம்மரிட்ஜ் பக்கமிருந்து வந்தால் காட் கிளிஃப் முகட்டின்மேல் நடந்து வந்து இறங்க வேண்டும்.

இப்போது ராணுவக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டாங்கி என்ற ஆயுதம் முதல் உலகப் போரில் பிறந்தது. அப்போதே பக்கத்தில் உள்ள போவிங்டனிலும் லல்வொர்த்திலும் அதற்கான பயிற்சி தொடங்கிவிட்டது. வடக்கே தட்டையான புதர்வெளி, டாங்கி ஓட்டத் தோது. தெற்கே குண்டைத் தடுத்து நிறுத்த அந்தச் சீமைச்சுண்ணாம்பு முகடு. முகட்டைத் தாண்டிப் போகும் குண்டு விழ, அப்பால் ஆள் அதிகமில்லாத ஒரு பள்ளத்தாக்கும் திறந்த கடலும். வரைபடத்தைப் பார்க்கும் எந்த அதிகாரிக்கும் இது கண்ணில் படும். வழி குறைவு, மக்கள் குறைவு, மண் விவசாயத்துக்குச் சுமார் என்ற மூன்றும் பாறை கொடுத்த குணங்கள். இரண்டாம் உலகப் போரில் அவையே கிராமத்துக்கு எமனாயின.

1943 டிசம்பரில் டைனத்தையும் சுற்றுப்புறத்தையும் காலிசெய்யச் சொன்னார்கள். நார்மண்டி படையெடுப்புக்கு முன் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்பது காரணம். இருநூறு பேருக்கு மேல் வெளியேறினார்கள். பெரும்பாலோர் வாடகைக் குடிகள். வீடோ நிலமோ அவர்கள் பெயரில் இல்லை. போகும்போது தேவாலயக் கதவில் ஒரு குறிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள்: தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், போரில் வெல்ல உதவியாக எங்கள் வீடுகளை விட்டுப் போகிறோம், ஒருநாள் திரும்பி வருவோம் என்பது அதன் சாரம். திரும்பவில்லை. போர் முடிந்த பிறகும் நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. 1948-இல் அரசு கட்டாயக் கொள்முதல் செய்தது. குடாவின் கரையில் இருந்த மீனவர் வீடுகளும் அப்படியே இடிந்தன. இன்று கரையோரம் அடித்தளக் கற்கள் சில மட்டும் மிச்சம்.

1970-களின் தொடக்கத்தில், ராணுவ நிலங்களை ஆராய்ந்த அரசுக் குழு இந்த நிலத்தை விட்டுவிடலாம் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. நடைபாதைகளைக் குறிப்பிட்ட நாட்களில் திறந்துவிடும் ஏற்பாடு அதற்குப் பதிலாக 1975-இல் வந்தது. இது ஒரு சமரசம். கிராமத்தாருக்கு நியாயம் செய்ததாகச் சொல்ல முடியாது. என்றாலும் குடாவுக்கு இதனால் என்ன நடந்தது என்பதை மறைக்கவும் முடியாது. எண்பது ஆண்டுகளாக இங்கே விடுதி இல்லை, விடுமுறை வீடு இல்லை, கேரவன் பூங்கா இல்லை, ஆழ உழவில்லை, பூச்சிமருந்து இல்லை. 1832-இல் லல்வொர்த்தில் முதலில் கண்டறியப்பட்டு, லல்வொர்த் ஸ்கிப்பர் என்றே பெயர் பெற்ற பழுப்பு நிறச் சிறு வண்ணத்துப்பூச்சி, பிரிட்டனில் ஏறக்குறைய இந்தக் கரையை நம்பித்தான் வாழ்கிறது. அதன் புழுவுக்கு மேய்ச்சல் படாத உயரமான புல் வேண்டும். சுண்ணாம்புச் சரிவில் குண்டு விழுந்து குழி விழுவதைவிட, இன்னொரு கார் நிறுத்தம் வந்திருந்தால் அதற்கு ஆபத்து அதிகம் என்றே நினைக்கிறேன்.

போக விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சுடுதளம் எந்த நாட்களில் திறக்கிறது என்ற அறிவிப்பை. பெரும்பாலான வாரக் கடைசிகளிலும், பொது விடுமுறைகளிலும், ஆகஸ்ட் மாதத்திலும் திறந்திருக்கும். ஆனால் சில வாரக் கடைசிகளிலும் சுடுவார்கள். சுடும் நாளில் பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் முகட்டில் தெரியும், வாயிற்கதவுகள் பூட்டப்படும், டைனத்துக்குப் போகும் சாலையே மூடப்படும். நீண்ட தூரம் நடப்பவர்கள் உள்நாட்டுச் சாலைகள் வழியே பெரிய சுற்று சுற்ற வேண்டியதுதான். திறந்த நாளிலும் மஞ்சள் கம்பங்களுக்கு இடையே உள்ள பாதையை விட்டு விலகக் கூடாது. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இருக்கின்றன. மழையும் மண்சரிவும் அவற்றை அவ்வப்போது வெளியே தள்ளும். எந்த உலோகத் துண்டையும் தொடக் கூடாது என்பது சம்பிரதாயமான எச்சரிக்கை அல்ல. ஏரிஷ் மெல் கரை இதே காரணத்தால் நிரந்தரமாக மூடியிருக்கிறது. வின்ஃப்ரித் அணு ஆராய்ச்சி நிலையத்தின் கழிவுநீர்க் குழாய் அந்த இடைவெளி வழியாகத்தான் கடலுக்குப் போனது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. குடாவின் பின்னால் உள்ள முகட்டில் தாழ்வான திறப்பு அது. குழாய் போட்டவர்களும் பாறை காட்டிய வழியில்தான் போனார்கள்.

கடல்வழி ஓரளவு சுதந்திரமானது. மேற்குக் காற்று அடிக்கும்போது மியூப் பாறைகளின் மறைவில் பாய்மரப் படகுகள் நங்கூரமிடும். தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ அலை எழுந்தால் குடா முழுக்கத் திறந்த வாய், ஒதுங்க இடமில்லை. ஆபத்து எல்லை கடலுக்குள் பல மைல் தூரம் நீள்வதால், சுடும் நாட்களில் காவல் படகுகள் வானொலியில் அழைத்து விலகிப் போகச் சொல்லும். கூழாங்கல் கரை சட்டென ஆழமாகிறது, உயிர்காப்பாளர் கிடையாது.

சரிவுகளின் அடியில் உட்காராமல் இருப்பது நல்லது. வீல்டன் களிமண் மழைக்குப் பின் சேறாக வழிகிறது, சீமைச்சுண்ணாம்பு முன்னறிவிப்பில்லாமல் பெயர்ந்து விழுகிறது. எவ்வளவு விழுகிறது என்று பார்க்க ஃபிளவர்ஸ் பாரோவுக்கு ஏறினால் போதும். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், இரும்புக் கால மக்கள் அங்கே மண்மதில்கள் எழுப்பி ஒரு கோட்டை அமைத்தார்கள். வடபக்க மதில்கள் இன்றும் நல்ல உயரத்தில் நிற்கின்றன. தென்பாதி குடாவுக்குள் சரிந்து போய்விட்டது; மிச்சமிருப்பதும் விளிம்பிலிருந்து சரிந்துகொண்டிருப்பதால், பாதையை அவ்வப்போது உள்ளே தள்ளிப் போடுகிறார்கள்.